சரக்கு விமான எஞ்சின் நடுவானில் நின்றது: தம்பி கையெழுத்து வைக்கலாமா?

களுவாஞ்சிகுடி அக்கா:
என் தம்பி வளைகுடாவில் ஒரு சரக்கு விமானக் கம்பெனியில் பயிற்சி மெக்கானிக். போன கிழமை அவர்களுடைய விமானம் ஒன்று மேலே ஏறிய கையோடு ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து இறங்கியது. ஆருக்கும் ஒன்றுமில்லை. பிறகு பழைய வேலை அட்டைகளை (ஒவ்வொரு வேலைக்கும் செய்தவர் கையெழுத்து வைக்கும் அட்டை) கிளறினால், ஒரு வேலைக்கான கட்டத்தில் கையெழுத்தே இல்லையாம். "நீயும் அன்றைக்கு நின்றாய்தானே, போட்டு விடு" என்கிறாராம் மேற்பார்வையாளர். நின்றது உண்மை, ஆனால் அந்த வேலையை இவன் தொடவேயில்லை. மாட்டேன் என்றால் விசா போய்விடுமோ என்று பயப்படுகிறான். அம்மா வேறு, ஒரு எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடும் என்று மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறா. என்ன செய்யலாம்?

பழைய ஸ்பேனர், கல்லடி:
தங்கச்சி, நான் விமான எஞ்சின் வேலை பார்த்து ஓய்ந்து வந்தவன். அம்மாவிடம் சொல்லுங்கள்: ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றதை வைத்து ஏறி, சுற்றி வந்து இறங்கக்கூடிய விமானத்துக்குத்தான் சான்றிதழ் கொடுப்பார்கள். எஞ்சின் சும்மா நின்றால் சமாளிக்கலாம். உடைந்து பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போனால்தான் கதை கந்தல். 1992 அக்டோபர் 4, ஆம்ஸ்டர்டாம்: எல் அல் 747 சரக்கு விமானத்தில் எஞ்சினைத் தாங்கும் உலோக ஆணி வெடிப்புக் கண்டு முறிய, மூன்றாவது எஞ்சின் கழன்று நாலாவதையும் இடித்துக்கொண்டு போனது. விமானம் அடுக்குமாடி மேல் விழுந்து 43 பேர் செத்தார்கள்.

இனி கையெழுத்து. வைக்கவே கூடாது.

1983 மே 5, மயாமி. பயணிகள் விமானம்தான், ஆனால் உங்கள் தம்பிக்கு இதுதான் பாடம். ஓயிலில் இரும்புத் தூள் வருகிறதா என்று பார்க்க எஞ்சினில் சின்னக் காந்த முனை ஒன்று இருக்கும். கழற்றி விரலில் தேய்த்துப் பார்ப்போம். மாவாக வந்தால் தேய்மானம், குத்துகிற செதில் என்றால் பெயாரிங் போகிறது. அந்த விமானம் புறப்பட முந்தின இரவு மூன்று எஞ்சினுக்கும் அதை மாற்றினார்கள். வழமையாக ஓ-ரிங் (ஓயில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போட்டே கைக்கு வரும் சாமான், அன்றைக்கு ஸ்டோரில் இருந்து ஓ-ரிங் இல்லாமல் வந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. அட்டையில் "ஓ-ரிங் பொருத்தியது" என்ற கட்டத்துக்குக் கையெழுத்து மட்டும் ஒழுங்காக இருந்தது! கடலுக்கு மேலே ஓயில் ஒழுகி மூன்று எஞ்சினும் அடங்கி, ஒன்றை மறுபடி எழுப்பித்தான் தரைக்கு வந்தார்கள்.

தம்பியிடம் பயிற்சிப் பதிவேடு இருக்கும். அன்றைக்கு என்ன வேலை செய்தான் என்று அதில் பதிந்திருந்தால் அதுதான் அவனுக்குக் காப்பு. இன்றைய திகதி போட்டு, எதைச் செய்தேன், எதைப் பார்க்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி, மேற்பார்வையாளரிடம் அல்ல, தரப் பிரிவுக்கு ஈமெயில் போடச் சொல்லுங்கள். பழைய திகதியில் ஒரு எழுத்தும் வேண்டாம்.

அக்கரைப்பற்று காக்கா:
விசா விசயம் நான் சொல்றன். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவரா? அப்படியென்றால் ஒப்பந்தப் பிரதி ஒன்றை உங்களுக்கு இப்பவே அனுப்பச் சொல்லுங்க. பிரச்சினை வந்தால் நம்மட தூதரகத்துத் தொழிலாளர் பிரிவுக்கு அதோடுதான் போகணும். வாயால் சொன்னால் அங்கே எடுபடாது.

வாழைச்சேனை போட்காரன்:
ஸ்பேனர் அண்ணன், ஒரு ரப்பர் வளையத்துக்கா மூன்று எஞ்சின்? நம்புறதுக்குக் கஷ்டமாக் கிடக்கு.

பழைய ஸ்பேனர், கல்லடி:
மூன்றிலும் அதே ஆட்கள் அதே வேலையை ஒரே இரவில் செய்தால் அதே பிழைதானே மூன்றிலும் வரும் தம்பி. இப்போது நெடுந்தூரக் கடல் தாண்டும் இரட்டை எஞ்சின் விமானத்தில், ஒரே ஆள் ஒரே தடவையில் இரண்டு எஞ்சினிலும் அந்த மாதிரி வேலையைத் தொடக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது.

களுவாஞ்சிகுடி அக்கா:
ஈமெயில் எழுதி முதலில் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன் அண்ணா. பதிவேடு லொக்கரில் இருக்கிறதாம், நாளைக்கு எடுப்பான்.

பழைய ஸ்பேனர், கல்லடி:
நாளைக்கு வேண்டாம். இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.