ஆத்தங்குடி கல் படங்களை அடுக்க ஃப்ளெக்ஸ்பாக்ஸா, கிரிடா?

கல்பட்டறை:
ஆத்தங்குடியில் பெரியப்பாவின் கல் பட்டறைக்கு வலைத்தளம் செய்கிறேன். பூப்போட்ட தரைக்கல் டிசைன்களின் படங்கள்தான் அதில் எல்லாமே. சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) பெட்டிகளை வரிசையாக நிறுத்தும் ஃப்ளெக்ஸ்பாக்ஸில் ராப் (இடம் போதாவிட்டால் அடுத்த வரிசை), குரோ (மிச்ச இடத்துக்கு விரிவது) இரண்டும் கொடுத்து அடுக்கியிருக்கிறேன். கடைசி வரிசையில் ஒரு கல் மட்டும் மிஞ்சினால் திரை முழுக்க இழுபட்டு, சதுரக் கல் செவ்வகமாகத் தெரிகிறது. வீடு கட்டும் இடத்தில் நின்றபடி போனில் கொத்தனாரிடம் காட்டுகிறவர்கள் அளவையே தப்பாக எடுத்துக்கொள்வார்கள். பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்புக்கு மாறிவிடு என்கிறார் நண்பர். மாறலாமா அண்ணே?

முத்துப்பட்டணம்:
தம்பி, இந்த ஒரு வேலைக்கு பூட்ஸ்ட்ராப்பை முழுசாக இறக்க வேண்டாம். சிஎஸ்எஸ்ஸிலேயே வரிசை, நெடுவரிசை என்று கட்டம் போட்டு அடுக்கும் கிரிட் போடுங்க. 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டது.

நெடுவரிசைக்கு ரிப்பீட், அதற்குள் ஆட்டோ-ஃபில் (இடம் கொள்ளும் அளவு நெடுவரிசை), மின்மேக்ஸில் குறைந்தது 160 பிக்சல், அதிகபட்சம் 1 எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு). 360 பிக்சல் போனில் இரண்டு கல் நிற்கும், கணினியில் ஆறேழு. திரைக்குத் திரை விதி மாற்றும் மீடியா குவெரியே எழுத வேண்டாம்.

ஆட்டோ-ஃபிட் மட்டும் கூடாது. ‘பார்டர் கல்’ என்று தேடி இரண்டே கல் வந்தால், அது காலி நெடுவரிசைகளைச் சுருக்கிவிட்டு அந்த இரண்டையும் ஆளுக்குப் பாதித் திரை அகலத்துக்கு ஊதிவிடும். ஆட்டோ-ஃபில் காலி இடத்தை அப்படியே விட்டுவைக்கும், கல் அளவு மாறாது. அப்புறம், படத்துக்கு ஆஸ்பெக்ட்-ரேஷியோ (அகல-உயர விகிதம்) 1/1 கொடுங்க. படம் பெட்டிக்குள் எப்படிப் பொருந்தணும் என்று சொல்லும் ஆப்ஜெக்ட்-ஃபிட்டில், பெட்டியை நிரப்பும் கவர் வேண்டாம். படம் சரியான சதுரமாக இல்லையென்றால் கல்லின் ஓரம் வெட்டுப்படும். ஓரத்தில்தானே பக்கத்துக் கல்லோடு பூ சேர்கிறது! படத்தை வெட்டாமல் முழுசாகக் காட்டும் கன்டெய்ன் போடுங்க.

தேவகோட்டை ரஸ்தா:
அதற்காக ஃப்ளெக்ஸ்பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. படத்துக்குக் கீழே பெயரும் வாட்ஸ்அப் பொத்தானும் ஒரே வரியில் நிற்க அதுதான் வசதி. நம் தமிழ்ப் பெயர்கள் நீளம். ‘செம்மஞ்சள்பூக்கல்’ மாதிரி ஒரு சொல் வந்தால் பொத்தானை அட்டைக்கு (படம், பெயர், பொத்தான் சேர்ந்த பெட்டி) வெளியே தள்ளிவிடும். பெயர்ப் பெட்டிக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) 0 கொடுத்து, நீளச் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போக ஓவர்ஃப்ளோ-ராப்பில் பிரேக்-வேர்ட் போடுங்க.

கல்பட்டறை:
சரி அண்ணே, ஆட்டோ-ஃபில் போட்டதும் கல் எல்லாம் சதுரமாக நிற்கிறது. இதே அட்டையை இன்னொரு பக்கத்தில் ஓரமாக, ஒடுக்கமான இடத்திலும் காட்டணும். அங்கே பொத்தான் பெயருக்குக் கீழே வரணும். அதற்குத் தனி அட்டை எழுதணுமா?

முத்துப்பட்டணம்:
வேண்டாம். அங்கே கண்டெய்னர் குவெரி வைங்க. மீடியா குவெரி திரையின் அகலத்தைத்தான் பார்க்கும், இது அட்டை இருக்கும் பெட்டியின் அகலத்தைப் பார்க்கும். 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்ததால் மூன்று உலாவியிலும் ஓடும். பழைய போனில் அது வேலை செய்யாவிட்டாலும் கல் தெரியணும். அதனால் பொத்தான் கீழே வரும் அமைப்பை முதலில் எழுதி, அகலமான பெட்டிக்கு மட்டும் குவெரி போடுங்க.