என் தம்பி ஆர்த்தடாக்ஸ் கோவிலுக்குப் போகிறான். இளைஞர்களை அங்கே இழுப்பது எது?

கீழ்வானம் கேட்டது:

வணக்கம். என் தம்பிக்கு 24 வயது. கிட்டார், டிரம்ஸோடு ஆராதிக்கும் சபையில்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை எங்களோடு அவன் வருவதில்லை, பழைய கிழக்கத்தியக் கிறிஸ்தவ மரபான ஆர்த்தடாக்ஸ் கோவிலுக்குப் போகிறான். புதனும் வெள்ளியும் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. அறையின் கிழக்குச் சுவரில் ஒரு ஐகான் (வழிபாட்டில் வைக்கும் புனிதப் படம்) வைத்து, அதன் முன்னால் நின்று ஜெபிக்கிறான். "விக்கிரகத்துக்கு முன்னால் நிற்கிறானே" என்று அம்மா அழுகிறார். யூட்யூப் பார்த்து வந்த மோகமா இது? அந்த வழியில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள். அவனோடு சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

பழையமணி எழுதியது:

சகோதரி, நானும் உங்கள் தம்பியின் வழியில் வந்தவன்தான். அம்மாவின் கண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். ஐகானைப் பற்றிய இந்தக் கேள்வி திருச்சபைக்குள்ளேயே நூறு ஆண்டுக்கும் மேலாகப் பெரிய சண்டையாக நடந்தது. 787-இல் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கம், அதாவது ஆயர்களின் பொதுக்கூட்டம், ஒரு முடிவு சொன்னது. படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் இருப்பவரைச் சேருகிறது, ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. அம்மா இதை ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் தம்பி மரத்தையும் வண்ணத்தையும் கும்பிடவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், இது நேற்று முளைத்ததும் அல்ல. பின்னாளில் பேராயர் கலிஸ்டோஸ் ஆன இங்கிலாந்துக்காரர் திமோத்தி வேர் 1958-இல் ஆர்த்தடாக்ஸ் ஆனார். அமெரிக்காவில் 1987-இல் பீட்டர் கில்க்விஸ்ட் என்ற போதகரோடு ஏறக்குறைய 2,000 பேர் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் ஒன்றான அந்தியோக்கியத் திருச்சபையில் சேர்ந்தார்கள். திருச்சபைக் கோட்பாடுகளின் வரலாற்றையே வாழ்நாளெல்லாம் எழுதிய லூத்தரன் அறிஞர் யாரோஸ்லாவ் பெலிகன் 1998-இல், எழுபது வயதைக் கடந்த பிறகு வந்தார். இவர்கள் யாரும் யூட்யூப் பார்த்து வந்தவர்கள் இல்லை. இப்போது வீடியோக்கள் வாசலைக் காட்டுகின்றன, அது உண்மைதான். ஆனால் வாசலைப் பார்த்த எல்லாரும் உள்ளே தங்குவதில்லை.

என் கதைக்கு வருகிறேன். அப்பா இறந்த வருடம் எனக்கு 25 வயது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது எங்கள் சபையில் எல்லாரும் கண்ணீர் விடுவார்கள். நானும் கையை உயர்த்தியபடி நிற்பேன், உள்ளே ஒன்றுமே இருக்காது. விசுவாசம் செத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். அந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை ஆர்த்தடாக்ஸ் மாலை வழிபாட்டுக்குப் போனேன். மொத்தமே பத்துப் பேர். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் ஒரே சீரான குரலில் சங்கீதம் வாசித்தார். "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்கு முன்பே அங்கே இருந்தன. எனக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நிற்க முடிந்தது, நின்றேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஜெபித்தேன்.

இளைஞர்களை எது இழுக்கிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மனசு வறண்டு கிடக்கும் நாளிலும் உடம்புக்கு அங்கே வேலை இருக்கிறது. நிற்கலாம், தரைவரை குனியலாம், நோன்பு இருக்கலாம், நூறு முடிச்சு போட்ட ஜெபக் கயிற்றை உருட்டி "பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்று சொல்லலாம். அதுவரை யாரும் என்னிடம் எதையும் செய்யும்படி கேட்டதில்லை. 'வந்தால் போதும், பிடித்தால் போதும்' என்பார்கள். இங்கே கேட்டார்கள்.

மறக்க முடியாதது என் முதல் மன்னிப்பு ஞாயிறு. ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தைய மாலை அது. கோவிலில் இருக்கும் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கைத்தடியோடு ஒரு பாட்டி என் முன்னால் வந்தார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாகக் குனிந்தார். விரல் நுனி தரையைத் தொட்டபோது கை நடுங்கியது. "பாவியாகிய என்னை மன்னியுங்கள்" என்றார். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. "கடவுள் மன்னிப்பார்" என்று பதில் சொல்ல வேண்டும், எனக்குக் குரலே வரவில்லை. அன்றிரவு, இரண்டு வருடமாகப் பேசாதிருந்த என் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில பையன்கள் கோபத்தோடு வருகிறார்கள். பெண்கள்மேல் கோபம், காலத்தின்மேல் கோபம். திருச்சபையை ஆயுதமாக்கலாம் என்று நினைக்கிறார்கள். நல்ல குரு அவர்களை அவசரப்பட்டுச் சேர்த்துக்கொள்ள மாட்டார். எங்கள் குரு என்னையே ஒன்றரை வருடம் காக்க வைத்தார். பாத்திரம் கழுவச் சொன்னார், இணைய வாக்குவாதத்தை நிறுத்தச் சொன்னார். உங்கள் தம்பி வீட்டில் முன்பைவிடப் பொறுமையாக இருக்கிறானா, கடுகடுப்பாக இருக்கிறானா? அதைப் பாருங்கள். உணவுப் பட்டியலைப் பார்க்காதீர்கள்.

வெண்தூபம் எழுதியது:

என் கணவர் கத்தோலிக்கப் பழைய இலத்தீன் திருப்பலி வழியாக வந்தவர், 1962 திருப்பலி நூலின்படி நடப்பது. அவரைப் பிடித்தது அதன் மௌனம். 2021-இல் போப் பிரான்சிஸ் அந்தத் திருப்பலிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது சில நண்பர்கள் கசந்துபோய்ப் போப்பையே திட்டத் தொடங்கினார்கள். என் கணவருக்கு அது பெரிய வேதனை. பழையமணி சொல்லும் அந்தக் கோபத்தை நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கரையோரம் எழுதியது:

நான் ஒரு சுயாதீன சபையின் போதகர். இரண்டு வாலிபர்கள் இப்படிப் போய்விட்டார்கள், மனசு வலிக்கிறது. ஐகான் விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் அவர்களில் ஒருவன் போகுமுன் தொடக்கக் காலத் திருச்சபையின் ஆயரான அந்தியோக்கியா இக்னேசியஸின் கடிதங்களைப் படித்துவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்டான். "அதெல்லாம் எதற்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உட்கார்ந்து அவனோடு படித்திருக்க வேண்டும்.

கீழ்வானம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தம்பி முன்பைவிடப் பொறுமைதான். கத்துவதெல்லாம் நான்தான். பழையமணி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் படத்தில் இருப்பது யார்?" என்று அவனிடமே போய்க் கேட்டார். இந்தச் சனிக்கிழமை நான் அவனோடு போகலாமா? அங்கே என்ன செய்ய வேண்டும்?

பழையமணி எழுதியது:

தாராளமாகப் போங்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், பின்னால் நில்லுங்கள். கால் வலித்தால் உட்காருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.