கட்டுரைப் போட்டி: ஃபுட்நோட் சேர்த்தால் சொல் வரம்பு தாண்டுகிறது, சிமிலாரிட்டி 31%. என்ன செய்யலாம்?

கடைசி_பெஞ்ச்
வணக்கம். பி.ஏ. எல்எல்.பி. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இளநிலை சட்ட மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு எழுதி முடித்துவிட்டேன். வெள்ளி இரவு கடைசி நேரம். மலக்குழி மரணங்களும், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டமும்தான் பொருள்.

கூகுள் டாக்ஸில் 2,940 சொற்கள். அதையே வேர்டில் திறந்தால் 3,610. விதியில் "3,000 சொற்களுக்கு மிகாமல்" என்று மட்டும்தான் இருக்கிறது. கட்டுரை மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் டர்னிட்டின் மென்பொருளின் ரிப்போர்ட் சிமிலாரிட்டி 31% என்று காட்டுகிறது, 15%க்கு மேல் போனால் நிராகரிப்பார்களாம். நான் எங்கிருந்தும் காப்பி அடிக்கவில்லை. அப்புறம், எழுதியவர் யார் என்பது கட்டுரையில் எங்கும் தெரியக் கூடாதாம். பெயரை எடுத்துவிட்டேன், அது போதுமா?

பழைய_மூட்டர்
சொல் கணக்கில் குழப்பம் எதுவும் இல்லை தம்பி. கூகுள் டாக்ஸ் ஃபுட்நோட்டை எண்ணாது. வேர்டில் ரிவ்யூ, வேர்ட் கவுண்ட் போனால் ஃபுட்நோட்டைச் சேர்ப்பதற்கு ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள், எண் இறங்கும். விதி தெளிவாக இல்லாததால் அமைப்பாளர்களுக்கு இன்றைக்கே ஒரு வரி மெயில் போடுங்கள். பதில் வராவிட்டால் ஃபுட்நோட்டும் சேர்த்துத்தான் 3,000 என்று வைத்துக்கொள்வது நல்லது.

31% என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரிப்போர்ட்டில் எந்தெந்த இடம் கலரில் இருக்கிறது?

கடைசி_பெஞ்ச்
பார்த்தேன் அண்ணா. சட்டத்தின் பிரிவு 7 (சாக்கடை, மலக்குழியில் அபாயகரமான துப்புரவுக்குத் தடை), பிரிவு 9 (அதை மீறினால் தண்டனை) இரண்டையும் முழுதாகக் கொடுத்திருக்கிறேன், அது மொத்தமும் கலர். மலக்குழி மரணங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன பல்ராம் சிங் தீர்ப்பின் உத்தரவுப் பகுதி ஏறக்குறைய ஒரு பக்கம், அதுவும். மீதி ஃபுட்நோட்கள்.

ஈரோட்டு_ஜூனியர்
டர்னிட்டினில் மேற்கோளையும் நூற்பட்டியலையும் விலக்கிவிட்டுப் பார்க்க ஃபில்டர் உண்டு. ஆனால் போட்டிக்காரர்கள் அந்த ஃபில்டரைப் போடுவார்களா என்பது நம் கையில் இல்லை. இன்னொரு விஷயம்: கல்லூரி நூலகத்தில் செக் பண்ணும்போது கட்டுரையை ரெபாசிட்டரியில் (டர்னிட்டினின் சேமிப்புக் கிடங்கில்) சேமிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சேமித்துவிட்டால் அடுத்த முறை உங்கள் கட்டுரை உங்கள் கட்டுரையோடே பொருந்தி 90%க்கு மேல் காட்டும்.

பழைய_மூட்டர்
பிரிவுகளை முழுதாக ஒப்பிக்க வேண்டியதே இல்லை. திருத்தப் போகிறவருக்குச் சட்டம் தெரியும். பிரிவு 9-ஐ ஒரே வரியில் முடிக்கலாம்: முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மறுபடி மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம். பல்ராம் சிங்கும் அப்படித்தான். 2014-ல் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு 10 லட்சம் என்று இருந்ததை, 2023-ல் இந்தத் தீர்ப்பில் 30 லட்சமாக உயர்த்தினார்கள். உத்தரவுகளில் உங்கள் வாதத்துக்கு வேண்டிய இரண்டை மட்டும் சொந்த நடையில் எழுதுங்கள்.

அது இருக்கட்டும், உங்கள் வாதம்தான் என்ன?

கடைசி_பெஞ்ச்
இழப்பீடு கூடினாலும் சாவு நிற்கவில்லை என்பது. காரணத்தை 22-ம் ஃபுட்நோட்டில் எழுதியிருக்கிறேன். பாதுகாப்புக் கருவியோடு வேலை செய்பவரை 2(1)(ஜி) பிரிவின் விளக்கம் "கையால் மலம் அள்ளுபவர்" என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிடுகிறது. 2(1)(டி)-யில் "அபாயகரமான துப்புரவு" என்பதும் பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் வேலை வாங்குவது மட்டும்தான்.

பழைய_மூட்டர்
அடப்பாவி, இதையா ஃபுட்நோட்டில் ஒளித்து வைத்தீர்கள்! இதுதான் கட்டுரையே. இரண்டு வரையறையும் பாதுகாப்புக் கருவி என்ற ஒரே ஆணியில் தொங்குகின்றன. சட்டம் மனிதன் உள்ளே இறங்குவதைத் தடுக்கவில்லை, கருவி இல்லாமல் இறங்குவதைத்தான் தடுக்கிறது. ஒப்பந்ததாரர் நான்கு கையுறை வாங்கிய பில்லைக் காட்டினால் வழக்கு எங்கே போகும் என்று கேளுங்கள். இதை மேலே கொண்டுவந்து முதல் பக்கத்திலேயே வையுங்கள். அந்த நீள மேற்கோள்களை வெட்டினால் சொல் கணக்கும் சதவீதமும் கூடவே இறங்கிவிடும்.

கோர்ட்_வாசல்
அடையாளம் பற்றி யாரும் சொல்லவில்லையே. தலைப்புக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு "மூன்றாம் ஆண்டு மாணவர், இன்ன கல்லூரி" என்று முதல் ஃபுட்நோட் எழுதும் பழக்கம் சட்ட மாணவர்களுக்கு உண்டு. அது இருந்தால் எடுங்கள். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் போய் ஆசிரியர் பெயரை நீக்குங்கள், கமென்ட் இருந்தால் அதையும். பிடிஎஃப் ஆக்கியபின் ப்ராப்பர்ட்டீஸை ஒருமுறை திறந்து பாருங்கள். கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் வேண்டாம்.

தீர்ப்பு எண்களை ஏஐ-யிடம் கேட்டு வாங்கியிருந்தால் ஒவ்வொன்றையும் தீர்ப்புகளைத் தேடும் இந்தியன் கானூன் தளத்தில் சரிபாருங்கள். 2023-ல் நியூயார்க்கில் இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

மாலை_வகுப்பு
குறுக்கே ஒரு சந்தேகம். நான் டிகிரி முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி. படிக்கிறேன். இளநிலை என்றால் நானும் சேர்த்தியா?

ஈரோட்டு_ஜூனியர்
பார் கவுன்சில் விதிப்படி மூன்றாண்டுப் படிப்பும் சட்டத்தில் இளநிலைப் பட்டம்தான். பெரும்பாலான போட்டிகளில் இரண்டையும் ஏற்றுக்கொள்வார்கள், முதுநிலையான எல்எல்.எம். மட்டும் கிடையாது. சில இடங்களில் "ஐந்தாண்டுப் படிப்பு" என்றே போட்டிருப்பார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி_பெஞ்ச்
மேற்கோள்களை வெட்டி, 22-ஐ மேலே ஏற்றிவிட்டேன். ஃபுட்நோட்டோடு இப்போது 2,980, சிமிலாரிட்டி 11%. அமைப்பாளர்களிடமிருந்தும் பதில் வந்துவிட்டது, ஃபுட்நோட் கணக்கில் சேராதாம்! மிச்சமிருக்கும் இடத்தில் கையுறை பில் பற்றி ஒரு பத்தி கூடுதலாக எழுதப் போகிறேன். நட்சத்திரக் குறி இருந்தது, எடுத்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி.