ஹெல்த், வெல்னஸ், கேர் டெலிவரி: பெட் பக்கத்துல நிக்கும்போது இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

முதல் வருஷ மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் முதல் வருஷம் படிக்கிறேன். ஹெல்த், வெல்னஸ், அப்புறம் கேர் டெலிவரி முறைகளான ஃபங்ஷனல், டீம், பிரைமரி நர்சிங்னு எல்லாத்தோட டெஃபனிஷனும் மனப்பாடம் ஆயிருச்சு. ஆனா கிளினிக்கல் போஸ்டிங்ல வார்டுக்குள்ள போனா, பார்க்கிறதுக்கும் படிச்சதுக்கும் சம்பந்தமே தெரியல. பக்கவாதம் வந்து படுத்திருக்கிறவருக்கு வெல்னஸ்னு என்ன இருக்கு? சீனியர்ஸ் யாராவது சொல்லுங்களேன்.

கம்யூனிட்டி நர்ஸ்:
தங்கச்சி, உலக சுகாதார நிறுவனத்தோட சாசனம் 1948ல நடைமுறைக்கு வந்துச்சு. உடல், மனம், சமூகம் மூணுலயும் முழு நலத்தோட இருக்கிறதுதான் ஆரோக்கியம், நோய் இல்லாம இருக்கிறது மட்டும் இல்லைன்னு அதுல இருக்கு. பரீட்சைக்கு அதை எழுதிடு. ஆனா அந்த ‘முழு’வை அப்படியே எடுத்துக்கிட்டா, சுகரை ஒழுங்கா கட்டுப்பாட்டுல வச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வர்றவங்ககூட ஆரோக்கியமானவங்க கணக்குல வரமாட்டாங்க. இந்தக் குறையைப் பல பேர் எடுத்துச் சொல்லியிருக்காங்க.

மெடிக்கல் வார்டு சீனியர்:
தங்கச்சி, நீ கேட்ட பக்கவாத நோயாளியையே எடுத்துக்குவோம். வலது கை, வலது கால் பலவீனம். காலையில குளிக்க வச்சு சட்டை போட்டுவிடணும். நாமளே போட்டா சட்டுனு முடிஞ்சிரும். அப்படிச் செய்யாதே. சட்டையை மடியில விரிச்சு வை. பலவீனமான கையை முதல்ல நுழைக்கச் சொல்லு, அப்புறம் நல்ல கை. கழட்டும்போது நல்ல கை முதல்ல. பட்டன்ல விரல் வழுக்கும், முகம் சுருங்கும். நீ பக்கத்துல நின்னு, தேவைப்பட்டா துணியை மட்டும் இழுத்துப் பிடி. கடைசி பட்டன் போட்டதும் அவர் முகத்தைப் பாரு. வெல்னஸ் எங்க இருக்குன்னு கேட்டியே, அங்கதான். ரத்த அழுத்தமும் ஸ்கேனும் நேத்து இருந்தபடியேதான் இருக்கும். ஆனா மனுஷன் நேத்தைக்கு இருந்த இடத்துல இல்ல.

நர்சிங் கோட்பாட்டாளர் வர்ஜீனியா ஹெண்டர்சன் சொன்னதும் இதேதான். பலமும் மனசும் அறிவும் இருந்திருந்தா அந்த மனுஷர் தானே செய்துக்குவார்ங்கிற வேலையிலதான் நர்ஸ் உதவணும். அதையும் அவர் சீக்கிரம் நம்ம உதவி இல்லாம நிக்கிற மாதிரி செய்யணும். இந்த ரெண்டாவது பாதியைத்தான் அவசரத்துல எல்லாரும் விட்டுடுறோம். மூச்சு, சாப்பாடு, கழிவு, தூக்கம்னு ஆரம்பிச்சு 14 அடிப்படைத் தேவைகளை அவங்க வரிசைப்படுத்தினாங்க. அதைப் பட்டியலா படிக்காம, ஒரு நோயாளியைப் பார்த்து ஒவ்வொண்ணா கேட்டுப் பாரு. எதுல அவரால முடியும், எதுல முடியாதுன்னு தெரிஞ்சுட்டாலே உன் அசெஸ்மென்ட்ல பாதி முடிஞ்சிரும்.

ஒரு முனையில நோய், மறு முனையில நலம்னு போட்ட கோடுதான் இல்னஸ்-வெல்னஸ் கன்டினியூம். அதை 1972ல வரைஞ்சவர் ஜான் டிராவிஸ்ங்கிற டாக்டர். அதுல ஒருத்தர் எந்தப் புள்ளியில நிக்கிறார்ங்கிறதைவிட எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறார்ங்கிறதுதான் முக்கியம். டெஸ்ட் எல்லாம் நார்மலா வந்த ஒருத்தர், தூக்கம் கெட்டு, யாரோடயும் பேசாம நோய்ப் பக்கம் திரும்பி நிக்கலாம். நம்ம பக்கவாத நோயாளி எதிர்ப்பக்கம் திரும்பி நிக்கலாம்.

அடுத்தது கேர் டெலிவரி. வேலையை எப்படிப் பிரிக்கிறோம்கிற நிர்வாக விஷயமா மட்டும் இதைப் பார்க்காதே. ஃபங்ஷனல் முறையில ஒருத்தர் வைட்டல்ஸ் (நாடி, பிபி, காய்ச்சல் பார்க்கிறது), ஒருத்தர் ஊசி, ஒருத்தர் டிரஸ்ஸிங். வேலை வேகமா நடக்கும். ஆனா இதை யோசி: சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற இன்சுலினை ஊசி டியூட்டியில இருக்கிறவங்க நேரத்துக்குப் போட்டாச்சு. நோயாளிக்குக் குமட்டல், தட்டைத் தொடல. தட்டு எடுக்க வந்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைச் சரியா செஞ்சாங்க. சாப்பிடாம இன்சுலின் மட்டும் போனதால சுகர் இறங்கி, கொஞ்ச நேரத்துல அவருக்கு வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். ‘இவர் சாப்பிட்டாரா?’ன்னு கேட்க வேண்டியது யார் பொறுப்புன்னு எந்த அலாட்மென்ட்லயும் எழுதியிருக்காது.

இந்தக் கேள்விக்குப் பதிலாத்தான் 1960கள் கடைசியில பிரைமரி நர்சிங் வந்துச்சு. அட்மிஷன்ல இருந்து டிஸ்சார்ஜ் வரைக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் பொறுப்பு. அவங்க டியூட்டியில இல்லாத நேரத்துலயும் அவங்க போட்ட பிளான்படிதான் மத்தவங்க பார்ப்பாங்க. டீம் நர்சிங் இடைப்பட்டது: லீடர் ஒருத்தர், குழு ஒண்ணு, சில நோயாளிகள். குழு உட்கார்ந்து பேசினாத்தான் அது டீம். பேச்சு நின்னா, அதுவும் ஃபங்ஷனல்தான்.

நைட் ஷிஃப்ட் ஸ்டாஃப்:
அக்கா சொல்றது சரி. ஆனா ஆள் குறைவான ராத்திரியில பிரைமரி நர்சிங் நடக்காது, ஃபங்ஷனல்தான் கைகொடுக்கும். நாங்க ஒண்ணு செய்வோம். ஊசி யார் போட்டாலும், பெட்டுகளைப் பிரிச்சு, ‘இவங்களைப் பத்திக் கேட்டா நான் பதில் சொல்லணும்’னு ஒவ்வொருத்தரும் எடுத்துக்குவோம். ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கிற ஹேண்ட் ஓவரை நோயாளி பக்கத்துல நின்னு, அவரையும் பேச்சுல சேர்த்துக்கிட்டுக் கொடுப்போம். விட்டுப்போனதை முதல்ல சொல்றது பெரும்பாலும் அவர்தான்.

முதல் வருஷ மாணவி:
ரொம்ப நன்றி அக்கா. இன்னொண்ணு கேட்கணும். குணமாகவே மாட்டாங்கன்னு தெரிஞ்ச கேன்சர் நோயாளிக்கும் இது பொருந்துமா? கேர் பிளான்ல கோல்னு என்ன எழுதுறது?

மெடிக்கல் வார்டு சீனியர்:
பொருந்தும். 1967ல லண்டன்ல நவீன ஹாஸ்பிஸை, அதாவது குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்துல பார்த்துக்கிற இடத்தை, தொடங்கின சிசிலி சாண்டர்ஸ், டாக்டர் ஆகறதுக்கு முன்னாடி நர்ஸா இருந்தவங்க. வலியை உடம்போட நிறுத்தாம மனசு, குடும்பம், ஆன்மிகம்னு சேர்த்துப் பார்க்கச் சொன்னாங்க. ‘நோயாளி நலமாக இருப்பார்’னு எழுதாதே, அதை அளக்க முடியாது. முதல்ல அவர்கிட்ட போய் எது முக்கியம்னு கேளு. ‘பேத்தி வர்றப்ப முழிச்சிருக்கணும்’னு சொன்னா, அதுதான் கோல். ‘மாலை 5 மணிக்கு வலி அளவு (0-10ல்) 3க்குள், விழித்திருந்து பேத்தியுடன் பேசுவார்’னு எழுது. வலி மருந்து நேரம், வாய் காயாம ஈரப்படுத்துறது, தலைப்பக்கத்தை உயர்த்துறது எல்லாம் அதுக்குக் கீழ இன்டர்வென்ஷனா வரும். 5 மணிக்குப் போய்ப் பார்த்து, நடந்ததை எவாலுவேஷன்ல எழுதிடு.