தொலைக்காட்சிச் செய்தி இதழியலைக் கெடுத்ததா?

அச்சுமை: தொலைக்காட்சிச் செய்தி பிறந்ததே விளம்பரதாரரின் மடியில்தான். 1949இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி தொடங்கிய கால்மணி நேரச் செய்தியின் பெயர் ‘கேமல் நியூஸ் காரவன்’. கேமல் என்பது விளம்பரம் தந்த சிகரெட்டின் பெயர். அதற்காக விதிகளும் இருந்தன: ‘புகைபிடிக்காதீர்’ என்ற பலகை திரையில் தெரியக்கூடாது, சுருட்டுப் பிடிப்பவரைக் காட்டக்கூடாது. சர்ச்சிலுக்கு மட்டும் விலக்கு! எந்த நாளிதழ் ஆசிரியர் இதற்குத் தலையாட்டியிருப்பார்?

திரைவாசி: நாளிதழ்கள் என்ன, காற்றைக் குடித்தா வாழ்ந்தன? 1954 மார்ச் 9 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியின் செய்தியாளர் எட்வர்ட் மரோ, பலருக்கும் ஆதாரமில்லாமல் கம்யூனிஸ்ட் முத்திரை குத்திய செனட்டர் மெக்கார்த்தியைப் பற்றிக் காட்டிய அரைமணி நேரத்தைப் பாருங்கள். பெரும்பகுதி மெக்கார்த்தியின் சொந்தப் பேச்சு. அந்த மிரட்டல் தொனியும் நடுவே வரும் அசட்டுச் சிரிப்பும் எந்த அச்சில் ஏறும்? மெக்கார்த்தி சொன்னதையெல்லாம் அப்படியே தலைப்பாக்கியவை உங்கள் பத்திரிகைகள்தாம்.

அச்சுமை: எல்லாப் பத்திரிகைகளுமா? ‘மெக்கார்த்தியிசம்’ என்ற சொல்லே 1950இல் வாஷிங்டன் போஸ்டில் ஹெர்பிளாக் வரைந்த கேலிச்சித்திரத்தில் வந்தது. மரோ வந்தது நான்கு ஆண்டுகள் கழித்து. அப்போதும் அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்க சி.பி.எஸ். மறுத்தது. மரோவும் அவருடைய தயாரிப்பாளர் ஃபிரெட் ஃபிரெண்ட்லியும் கைக்காசைப் போட்டு நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்தார்கள். தொலைக்காட்சியைப் பார்க்கச் சொல்லவும் நாளிதழ்தான் வேண்டியிருந்தது.

மூன்றாம் பக்கம்: அமெரிக்காவைவிட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். விளம்பரமே இல்லாத பிரிட்டனின் பி.பி.சி., 1954 ஜூலையில் தொடங்கிய தன் தொலைக்காட்சிச் செய்தியில் வாசிப்பவரின் முகத்தையே மறைத்தது. முகபாவம் கருத்தாகிவிடுமாம்! நாடாளுமன்றம் இரண்டு வாரத்துக்குள் விவாதிக்கவிருக்கும் விஷயத்தைப் பற்றி அங்கே விவாதிக்கவும் கூடாது என்பது அன்றைய விதி. விளம்பர வருவாயில் நடந்த ஐ.டி.வி. தொலைக்காட்சிக்காக 1955 செப்டம்பர் 22 அன்று ஐ.டி.என். என்ற செய்தி நிறுவனம் களமிறங்கியது. போட்டி வருகிறது என்றதும், அதற்குச் சில நாள்கள் முன்பே பி.பி.சி. வாசிப்பாளரின் முகம் திரைக்கு வந்துவிட்டது. அமைச்சர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கும் வழக்கத்தை வளர்த்ததும் ஐ.டி.என்.னின் ராபின் டேதான். அச்சுமை, உங்கள் கணக்கு இங்கே உதைக்கிறது.

அச்சுமை: ராபின் டேயை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆழம்? 1963 செப்டம்பரில்தான் சி.பி.எஸ். தன் மாலைச் செய்தியை அரைமணி நேரமாக்கியது. அதில் வாசித்ததை அச்சுக் கோத்தால் நாளிதழின் முதல் பக்கம்கூட நிரம்பாது.

திரைவாசி: நிரம்ப வேண்டாம். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டபோது நான்கு நாள்கள் விளம்பரமே இல்லாமல் ஒளிபரப்பினார்கள். அவரைக் கொன்றதாகக் கைதான ஆஸ்வால்ட் சுடப்பட்டதை என்.பி.சி. நேயர்கள் நேரலையில் பார்த்தார்கள். விளம்பரதாரரின் மடி என்று நீங்கள் முதலில் சொன்னதற்கு இதைவிட வேறென்ன பதில்?

அச்சுமை: நான்கு நாள்கள், சரி. ஐந்தாம் நாள்?