மறுத்தவர் கையெழுத்தே கடைசிக் கையெழுத்தா?

சரோஜா, மயூர் விஹார்:
இலங்கைத் தமிழர் ஒருவர் அமெரிக்க எல்லைக்குள் 25 கெஜ தூரத்தில் பிடிபட்டார். தன்னைக் கடத்தி அடித்தார்கள் என்றார், அதை நம்பினார்கள். யார், எதற்கு என்று கேட்டதற்குத் தெரியாது என்றார், தஞ்சம் மறுத்துவிட்டார்கள். வெள்ளை வேன் காலத்து இலங்கையில் ஆளைத் தூக்கியவன் விலாசம் கொடுத்துவிட்டா போவான்? மறுத்தது சரியா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை என 2020-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அநியாயம்.

ரங்கராஜன், ஆர்.கே.புரம்:
பாதியை விழுங்கிவிட்டீர்கள் அம்மா. அதிகாரி மறுத்ததை மேலதிகாரி பார்த்தார், பிறகு குடியேற்ற நீதிபதியும் பார்த்தார். அதற்கு மேல் வேண்டாம் என்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். எல்லா மனுவும் மேலே மேலே போனால், உண்மையிலேயே உயிருக்குப் பயந்து வந்தவன் வரிசையில் நின்றே கிழவனாவான்.

சரோஜா:
அந்தக் குடியேற்ற நீதிபதி அரசாங்கத் துறையின் ஊழியர், ஐயா. வீட்டுக்காரரே பஞ்சாயத்தும் பண்ணுகிற கதை.

மதிவாணன், வழக்கறிஞர், தில்லி:
அமெரிக்கா இருக்கட்டும். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்தே போடவில்லை. இங்கே ஆப்கானியர், மியன்மார்க்காரர் மனுக்களை ஆராய்வது ஐ.நா. அகதிகள் அலுவலகம். மறுத்தால் மேல்முறையீடும் அங்கேயேதான். பார்ப்பவர் மட்டும் வேறு அதிகாரி. ஐ.நா.வுக்குச் சட்ட விலக்குரிமை உண்டு, ஆகவே அந்த முடிவை நம் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அரசு நாடுகடத்தக் கிளம்பினால்தான் உயர் நீதிமன்றத்தின் கதவு திறக்கிறது. 2015-இல் மியன்மார் அகதிகள் இருவரின் வழக்கில், அவர்கள் தரப்பைக் கேட்டு, ஐ.நா. அலுவலகத்தையும் கலந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ரங்கராஜன்:
2021-இல் ரோஹிங்கியா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாழும் உரிமை எல்லோருக்கும் உண்டு, நாடுகடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. 2025 மே மாதம், அதே நீதிமன்றம் ஓர் இலங்கைத் தமிழரிடமே இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றது.

மதிவாணன்:
அதே 2021 உத்தரவின் கடைசி வரியை விட்டுவிட்டீர்களே சார். உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் நாடுகடத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. கட்சிக்காரருக்காக நான் பிடித்துத் தொங்குவது அந்த ஒரு வரியைத்தான்.

ரங்கராஜன்:
சரி, ஒருவர் மனுவை எத்தனை முறை கேட்பது? ஓர் எண் சொல்லுங்கள்.

சரோஜா:
ஒரே முறை. மறுத்தவரிடம் சம்பளம் வாங்காத ஒருவர் கேட்கட்டும்.