மவுண்ட் ஐசா ரோடியோ வழியில் கேரவன் ஃபிரிட்ஜ் மக்கர்: உதவி தேவை

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் க்ளான்கரியில் கேரவனோடு நிற்கிறோம். மவுண்ட் ஐசா இன்னும் 120 கி.மீ. 1959-லிருந்து நடக்கும் அந்த ரோடியோவில் காளைச் சவாரி பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் பல வருட ஆசை. அங்கே எங்களுக்குக் கிடைத்த இடத்தில் கரண்ட் இல்லை. அப்பாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது.

2012 கேரவன், கேஸிலும் கரண்டிலும் ஓடும் ஃபிரிட்ஜ். 240 வோல்ட்டில் நன்றாகக் குளிர்கிறது. கேஸில் தீ மஞ்சளாக எரிந்து, பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. மண் சாலையில் ஒரு நாள் முழுக்க ஓட்டியபின் இரண்டு நாளாக இப்படித்தான். வண்டியை மட்டமாக நிறுத்தினேன், சிலிண்டர் மாற்றினேன், பின்பக்கத் தூசியைத் துடைத்தேன். அடுப்பு நீலமாகச் சரியாக எரிகிறது. பர்னரைக் கழற்ற உரிமம் வேண்டும், அதனால் தொடவில்லை.

வியாழனுக்குள் க்ளான்கரியிலோ ஐசாவிலோ வந்து பார்க்கக்கூடிய, உரிமம் உள்ள கேஸ் மெக்கானிக் யாரையாவது தெரியுமா?